மூன்று எழுத்து, எட்டுத் துண்டு

சொங்னாம்
2018 அக்டோபர் 31

திரு. ஓக் மு-யோல் அவர்களுக்கு,

நேற்று நாம் தொலைபேசியில் பேசியது பதினொரு நிமிடம். அதில் ஏழு நிமிடம் இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். ஆகவே யார் என்ன சொன்னார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. மென்பொருளைச் சோதித்துப் பிழைப்பவள் என்ற முறையில் எனக்கு இது சரிப்படாது. இனி எழுத்தில் பேசலாம்.

கணவனையோ மனைவியையோ பிரிந்து வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கான இடமாற்ற விண்ணப்பத் தளம் அக்டோபர் 19 மாலை ஆறு மணிக்கு மூடப்பட்டது. பதினெட்டாம் தேதியே அனுப்பிவிட்டதாகச் சொன்னீர்கள். நேற்று உங்கள் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தேன். திரையில் வந்தது இது: "குடும்பச் சான்று இணைக்கப்படவில்லை. தகுதியில்லை." குடும்பச் சான்று என்பது நாம் இருவரும் கணவன் மனைவி என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளும் ஒரு பக்கக் காகிதம். அரசாங்கத்துக்கு இருக்கும் உறுதி உங்களுக்கு இல்லை என்று தெரிகிறது.

முதல் வருடம் காற்று. கப்பல் ஓடவில்லை, கரைக்கு வந்து மொக்போ அலுவலகத்தில் நேரில் கொடுக்க முடியவில்லை என்றீர்கள். இரண்டாம் வருடம் தலைமையாசிரியர் பியோ உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கினீர்கள். இந்த வருடம்தான் காற்றும் கண்ணீரும் புகாத இணையதளம் வந்தது. அதைக் கட்டியது எங்கள் நிறுவனம். அதைச் சோதித்து "தேர்ச்சி" என்று கையெழுத்துப் போட்டது நான். தவறு எந்தப் பக்கம் இருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஹே-உன் மார்ச் நான்காம் தேதி முதல் வகுப்பில் சேர்கிறாள். அன்று அப்பா பையைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று மழலையர் காப்பகம் முழுவதும் சொல்லி வைத்திருக்கிறாள். அங்கே இருக்கும் ஆசிரியை போன வாரம் என்னைத் தனியே அழைத்து, "ஹே-உன் அப்பா கப்பல்ல வேலை பாக்கிறாரா?" என்று மெதுவாகக் கேட்டார். குடும்பத்தை வரையச் சொன்னால் அவள் உங்களை எப்போதும் கப்பலிலேயே வரைகிறாளாம். அது எந்தத் திசையில் போகிறது என்று படத்தில் தெரியவில்லையாம்.

மறுப்புத் தெரிவிக்க நவம்பர் 30 கடைசி நாள். அனுப்பவில்லை என்றால், அனுப்பவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டாம்.

தாக் யுன்-சொ


தல்மா தீவு
2018 நவம்பர் 6

ஹே-உன் அம்மாவுக்கு,

கல்லூரியில் ஒரே வகுப்பில் உட்கார்ந்த நாள் முதல் பதினாறு வருடமாக என்னை "நீ" என்று அழைப்பவள், கடிதம் முழுக்க "நீங்கள்" போட்டிருக்கிறாய். கோபத்தின் அளவு புரிந்தது. கடைசியாக எனக்கு அந்த மரியாதை கிடைத்தது, உன் தங்கை கல்யாணத்தில் நான் பாடியபோது.

நான் அனுப்பினேன். அந்த ஒரு வரி இதோ. விளக்க வேண்டாம் என்றாய். ஆசிரியர் என்பதால் விளக்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

அக்டோபர் 18, மதியம் மூன்று மணி. பள்ளியில் இருக்கும் மூன்று பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போன வருடம் நீ புதியது வாங்கியபோது எனக்குத் தள்ளிவிட்ட பழைய மேக் மடிக்கணினியைத் திறந்தேன். சான்றை ஸ்கேன் எடுத்து, தளம் கேட்டபடியே கோப்புக்குப் பெயர் வைத்தேன்: முதலில் என் பெயர், அடுத்து ஒரு கோடு, அடுத்து "குடும்பச் சான்று". என் பெயரை நானே, என் விரலாலேயே அடித்தேன். அனுப்பினேன். "பெறப்பட்டது, நன்றி" என்று வந்தது. தளம் நன்றி சொன்னதும் நானும் தலையைக் குனிந்து நன்றி சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற தலைமையாசிரியர் பியோவின் ஆடு இதற்குச் சாட்சி.

பியோ இந்த வருடம் அழவில்லை. அழுதால் பலிக்கும் என்பது போன வருடமே ஊர்ஜிதமாகிவிட்டதால், அதைக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிறார் போலிருக்கிறது. "ஓக் வாத்தியாரே, நீங்க போய்ட்டா இங்க மிச்சம் நானும் ஆடும்தான். அதுலயும் ஆட்டுக்குக் கணக்கு வராது" என்று மட்டும் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஒரு கணினிக்குள்ளே பல கணினிகளை வளர்க்கிறாயே, அதில் வெளியே இருப்பதை வீட்டுக்காரர் என்றும் உள்ளே இருப்பதை விருந்தாளி என்றும் சொல்வீர்கள் என்று ஒரு முறை சொன்னாய். விருந்தாளிக்குக் கொஞ்சம் நினைவகம், கொஞ்சம் இடம், மூடியதும் தடம் இருக்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நான் சொங்னாம் வந்து சோபாவில் படுத்து எழுந்து போகிறேன். எனக்கு அந்தப் பாடம் உடனே புரிந்தது.

நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தால் உன் கணினிகளையே கேள். அலுவலக முகவரிக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், சமாதானத்துக்கு.

மு-யோல்


சொங்னாம்
2018 நவம்பர் 12

ஓக் ஆசிரியர் அவர்களுக்கு,

சமாதானம் வந்து சேர்ந்தது. புளித்த திருக்கை மீனைக் கண்ணாடிச் சுவர்கள் உள்ள, ஜன்னல் திறக்காத ஆறாவது மாடிக்கு அனுப்பலாம் என்று உங்களுக்கு யார் சொன்னது? நிரல் எழுதும் மேங் சர்வர் அறையில் ஏதோ கசிகிறது என்று கட்டட நிர்வாகத்துக்கே சொல்லிவிட்டான். இரண்டு பேர் முகமூடி போட்டு வந்து, மோப்பம் பிடித்து, என் மேசையில் முடித்தார்கள். குழுத் தலைவர் குக் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டார். அவருக்கு ஊர் அந்தப் பக்கம்தான்.

கணினிகளைக் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன்.

என்னிடம் பதினொரு மெய்நிகர் கணினிகள் இருக்கின்றன. விண்டோஸில் பழையது முதல் புதியது வரை ஏழு, லினக்ஸ் இரண்டு, மேக் இரண்டு. மேக் இரண்டும் மூலையில் இருக்கும் மேக் பெட்டிக்குள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் புதிதாய் நிறுவிய நாளின் நிலைக்குத் திருப்பினேன். அப்படித் திருப்ப ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நேற்று நடந்தது எதுவும் அதற்கு நினைவிருக்காது. மனிதர்களுக்கு இந்த வசதி இல்லாததில் எனக்குச் சில நாள் வருத்தம் உண்டு. சில நாள் நிம்மதி.

பதினொன்றிலும் உங்களைப் போலவே விண்ணப்பித்தேன். பெயர், பதிவெண், சான்று. வழக்கமான சோதனைக் கோப்புதான்: மியம், நியன், இயுங், ரியல் என்ற நான்கு எழுத்து, அடுத்து ஒரு கோடு, அடுத்து ஒரு எண். படிவத்திலும் விண்ணப்பதாரர் பெயராக அதே நான்கு எழுத்து. இடது கையின் நான்கு விரல்களும் சும்மா இருக்கும்போது விசைப்பலகையில் எங்கே இருக்குமோ அங்கே இருக்கும் எழுத்துகள் அவை. இந்த நாட்டில் மென்பொருள் சோதிக்கிற எல்லாரும் இதைத்தான் அடிக்கிறோம். விரல்களுக்கு வேலை மிச்சம்.

பதினொன்றும் தேர்ச்சி. மேக் இரண்டும் தேர்ச்சி. உங்களுக்காக அவற்றை மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் தேர்ச்சி.

நான் ஏதாவது குறையைக் கண்டுபிடித்துக் கொண்டுபோனால் மேங் நாற்காலியைக்கூடத் திருப்பாமல், "என் சீட்ல ஓடுதே" என்பான். நாட்டில் உள்ள நிரலாளர் அனைவரும் சொல்லும் வாக்கியம். அதைக் கேட்டால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். இன்று அதை நான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது: என் இருக்கையில் ஓடுகிறது.

ஆகவே தளத்தில் குறை இல்லை. பொறுப்பு எங்கே மிச்சமிருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. மூன்று பிள்ளைகளும் ஓர் ஆடும் உள்ள இடத்தில் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள். இருங்கள். ஆனால் ஹே-உன்னிடம் நீங்களே சொல்லுங்கள். என்னால் முடியாது.

தாக் யுன்-சொ


தல்மா தீவு
2018 நவம்பர் 18

ஹே-உன் அம்மாவுக்கு,

நான்கு நாளாகக் கப்பல் இல்லை. உண்மையான காற்று. வேண்டுமானால் வானிலை நிலையத்தையும் சோதித்துக்கொள்.

பதினொரு கணினிகள் சொன்னதை நம்பினாய். ஒரு மனிதன் சொன்னதை நம்பவில்லை. ஓட்டு எண்ணினால் நீ சொல்வதுதான் சரி. இனி விண்ணப்பத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மறுப்புக் கடிதத்தை மட்டும் அனுப்பிவிடுகிறேன், கடமைக்காக. ஹே-உன்னிடம் நானே சொல்கிறேன். எப்படிச் சொல்வது என்று நேற்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டவில்லை.

மறுப்புடன் சான்றின் நகலையும் வைக்க வேண்டுமாம். என் மடிக்கணினிக்கும் பள்ளி அச்சுப்பொறிக்கும் ஆகாது. கோப்பைப் பென் டிரைவில் போட்டு வகுப்பறையில் இருக்கும் விண்டோஸ் கணினியில் திறந்தேன். அந்தக் கணினிக்கும் என் மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது. கோப்பின் பெயரை உடைத்துப் போட்டு வைத்திருந்தது. என் பெயர் என்று தெரியாதபடி, வட்டம் தனியே, கொம்பு தனியே, மூலை தனியே, பெட்டி தனியே, வரிசையாகக் காயப்போட்ட மீன் மாதிரி கிடந்தது. நான் திட்டிக்கொண்டிருந்தபோது முதல் வகுப்பு நா-ரே பக்கத்தில் வந்து நின்று வாயைப் பிளந்து பார்த்தாள். இந்த வாரம்தான் அவளுக்கு மரக்கட்டைகளால் எழுத்துக் கூட்டச் சொல்லித்தருகிறேன்: சேய் ஒலிக் கட்டை, தாய் ஒலிக் கட்டை, அடியில் இன்னொரு சேய்.

"சார், உங்க பேர யாரோ கலைச்சுப் போட்டுட்டாங்க" என்றாள். பிறகு கட்டைகளை எடுத்துத் தரையில் அடுக்கி, எட்டுத் துண்டையும் ஓக், மு, யோல் என்று மூன்று எழுத்தாகச் சேர்த்து, "இப்ப வந்துட்டீங்க" என்றாள்.

மெய்யைச் சேய் ஒலி என்றும் உயிரைத் தாய் ஒலி என்றும் சொல்கிறோம். தந்தை ஒலி என்று நம் இலக்கணத்தில் ஒன்றும் கிடையாது. இலக்கணம் எழுதியவர்களும் ஏதோ தீவுக்கு மாற்றலாகிப் போனவர்களாக இருக்க வேண்டும்.

பள்ளிக் கணினியின் அழகைப் பார்ப்பதற்காகத் திரையையும் அச்சிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இதற்கும் நம் விஷயத்துக்கும் சம்பந்தமில்லை. உனக்குக் கெட்டுப்போன கணினிகளைப் பிடிக்கும் என்பதால் மட்டும்.

மு-யோல்


சொங்னாம்
2018 நவம்பர் 24

மு-யோல்,

உன் கடிதம் வியாழக்கிழமை மதியம் வந்தது. நீ வைத்திருந்த அச்சுத்தாளைக் கீழ்த்தளத்து உணவகத்தில் கல்குக்சு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே பிரித்தேன். மீதியைச் சாப்பிடவில்லை. கடைக்கார அம்மா, "என்ன பொண்ணே, யாராவது போய்ட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, வந்துட்டாங்க போலிருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

உடனே உன்னைக் கூப்பிட எண்களை அழுத்தினேன். மணி அடிக்கும் முன் துண்டித்தேன். தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டால் பதிவு இருக்காது. எழுத்தில் வேண்டும் என்று கேட்டவள் நான். ஆகவே எழுத்தில்.

உன் பள்ளிக் கணினி கெட்டுப்போகவில்லை. அது உள்ளதை உள்ளபடி காட்டியிருக்கிறது. மேக்கில் கோப்புக்குப் பெயர் அடித்தால், அது எழுத்தைக் கூட்டி வைக்காது. தாயையும் சேயையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். நமக்குக் காட்டும்போது மட்டும் சேர்த்துக் காட்டும். அது அதன் வழக்கம், தவறில்லை. தவறு எங்கள் பக்கம். நீ படிவத்தில் அடித்த பெயர் மூன்று எழுத்து. கோப்பின் பெயரில் வந்தது எட்டுத் துண்டு. எங்கள் நிரல் இரண்டையும் ஒப்பிட்டு, மூன்றும் எட்டும் ஒன்றல்ல, ஆகவே இந்த ஆள் சான்று அனுப்பவில்லை என்று எழுதிவிட்டது. நா-ரே செய்த வேலையை நிரல் செய்திருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது மேங்குக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அப்படியானால் என் மேக் இரண்டும் எப்படித் தேர்ச்சி பெற்றன? இதைத்தான் ஒரு மணி நேரம் யோசித்தேன். பிறகு என் இடது கையைப் பார்த்தேன்.

மியம், நியன், இயுங், ரியல். நான்கும் தனி மெய். தாய் ஒலி ஒன்றுகூட இல்லை. அவை எழுத்தாகச் சேர்ந்ததே கிடையாது. ஏற்கெனவே பிரிந்து கிடப்பதை மேக் எங்கே பிரிப்பது? நான்காகப் போய் நான்காக வந்தன. ஆறு வருடமாக, பதினொரு இயங்குதளங்களில், விரல்களுக்கு வேலை மிச்சம் பிடிப்பதற்காக, இந்த நாட்டில் யாருக்கும் இருக்க முடியாத ஒரு பெயரை வைத்துச் சோதித்து, தேர்ச்சி தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொரிய மொழி எழுதத் தெரிந்தவர்களால் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வெளிநாட்டுக்காரன் சோதித்திருந்தால் பாடப்புத்தகத்தைப் பார்த்து ஒழுங்கான சொல் ஒன்றை அடித்திருப்பான்.

மேக்கைப் பழையபடி முதல் நாள் நிலைக்குத் திருப்பி, இந்த முறை "ஓக் மு-யோல்" என்று அடித்தேன். முழுப் பெயரும், மெதுவாக, இரண்டு கையாலும். அனுப்பினேன். "சான்று இணைக்கப்படவில்லை. தகுதியில்லை." என் வாழ்க்கையில் ஒரு தோல்வியைப் பார்த்து எழுந்து நின்று கை தட்டியது இதுதான் முதல் தடவை. மேங் இந்தத் தடவை நாற்காலியைத் திருப்பினான். "அக்கா, என் சீட்ல ஓ..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, மீதியை விழுங்கினான்.

பட்டியலைத் துருவினேன். இப்படித் துண்டான பெயர்கள் அறுபத்தொன்று. உன்னோடு சேர்த்து. அறுபத்தொரு வீட்டில் இந்த மாதம் யாரோ யாரிடமோ "நீங்கள்" போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

குழுத் தலைவர் குக்கிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தாக், உங்க வீட்டுக்காரர் பேர மட்டும் கையால சேர்த்துடலாம். மத்தவங்க மறுப்பு எழுதுனா அப்பப்ப பாத்துக்கலாம். சோதனைத் தாள்ல கையெழுத்து உங்களுதுதானே? யோசிங்க."

யோசித்தேன். உன்னிடம் மறைக்கப் போவதில்லை. இயந்திரத்தில் ஒரு காபி ஊற்றி முடிக்கும் நேரம், சரி என்று சொல்லத்தான் நினைத்தேன். மார்ச் நான்காம் தேதி கண் முன்னால் இருந்தது. பிறகு மற்ற அறுபது பேரும் தாங்கள் சொல்வதை நம்ப வைக்கக் காற்றையும் ஆட்டையும் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. காபியைக் கீழே வைத்துவிட்டு, இடமாற்ற அலுவலகத்துக்கே குறை அறிக்கை எழுதினேன். நிகழச் செய்யும் முறை, எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு, அறுபத்தொரு பதிவெண்கள், எல்லாம். காரணம் என்ற இடத்தில்: "சோதித்தவரின் சோம்பல்." கீழே என் பெயர், முழு எழுத்தில்.

அது நேற்று போய்விட்டது. திங்கட்கிழமை எனக்கு மேசை இருக்குமா என்று தெரியாது. முப்பதாம் தேதிக்குள் அவர்கள் பட்டியலைத் திறப்பார்களா என்றும் தெரியாது. உன் மறுப்பை எப்படியாவது கப்பலில் ஏற்று.

உன்னை நம்பவில்லை. மன்னித்துவிடு. "நீங்கள்" என்று எழுதியதையெல்லாம் "நீ" என்று மாற்றிப் படித்துக்கொள்.

யுன்-சொ


தல்மா தீவு
2018 டிசம்பர் 1

யுன்-சொ,

மறுப்பு இருபத்தேழாம் தேதிக் கப்பலில் போயிற்று. கப்பல்காரர் கையில் கொடுத்தபோது, "என்ன வாத்தியாரே, லவ் லெட்டரா?" என்றார். இடமாற்ற அலுவலகத்துக்கு என்றேன். "அப்ப ஜாக்கிரதையாத்தான் கொண்டு போகணும்" என்று தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசி மூன்று வரியை இன்னும் சில முறை. எனக்கு வந்தது வெற்றி உணர்வு இல்லை. பல்வலி நின்றதும் வருமே, ஒன்றும் இல்லாத அந்தச் சுகம், அதுதான். மதியம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தாமல் பந்து விளையாட விட்டேன். நா-ரேயிடம் அவள் சொன்னதால் சொங்னாமில் ஒரு கணினி திருந்தியது என்று சொன்னேன். "ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

நீ எல்லாவற்றையும் எழுதிவிட்டாய். நான் எழுதாமல் இருப்பது முறையில்லை. இரண்டு விஷயம்.

முதல் வருடக் காற்று பாதி உண்மை. ஒரு நாள்தான் அடித்தது. மறுநாள் கப்பல் ஓடியது. விண்ணப்பம் கொடுக்க இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. நான் துறைக்குப் போனேன், கப்பலைப் பார்த்தேன், திரும்பி வந்தேன். அன்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு முதல் தடவையாகப் பின்னம் புரிந்திருந்தது. அதை ஒரு காரணமாக உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. காற்று எளிதாக இருந்தது.

இரண்டாவது: அக்டோபர் 30 அன்று நீ தொலைபேசியில் "தகுதியில்லை என்று வந்திருக்கிறது" என்றபோது, அரை நொடி, அரை நொடிதான், எனக்குள் ஏதோ இலேசானது. பிறகு நாம் கத்த ஆரம்பித்தோம். நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியதற்குக் காரணம் அந்த அரை நொடிதான். நான் அனுப்பினேன் என்பது சத்தியம். அனுப்பியவன் முழு ஆள் இல்லை என்பதும் உண்மை. நீ சந்தேகப்பட்டதில் தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. கோப்பைச் சந்தேகப்பட்டது தவறு. ஆளைச் சந்தேகப்பட்டதில் கொஞ்சம் நியாயம் உண்டு.

இப்போது அந்த அரை நொடி இல்லை. கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த அன்று போய்விட்டது.

உன் மேசை இருக்கிறதா? எழுது.

மு-யோல்


சொங்னாம்
2018 டிசம்பர் 21

ஹே-உன் அப்பாவுக்கு,

மேசை இருக்கிறது. குழுத் தலைவர் குக் நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. இந்த நிறுவனத்தில் நான் இவ்வளவு நிம்மதியாக வேலை பார்த்த நான்கு நாள் வேறு இல்லை. ஐந்தாம் நாள் இடமாற்ற அலுவலகத்திலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. தாங்களே முன்வந்து குறையைச் சொன்ன நேர்மையைப் பாராட்டி. குக் அதைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். "நம்ம டீம் கண்டுபிடிச்சது" என்று வருகிறவர்களிடம் சொல்கிறார். எனக்கு விளக்கக் கடிதம் எழுதும் தண்டனையும் கொடுத்திருக்கிறார். நேர்மை குழுவுடையது, சோம்பல் என்னுடையது. பங்கு பிரித்ததில் எனக்குப் புகார் இல்லை.

முதல் வருடக் காற்றைப் படித்து இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். இந்தக் கோபத்துக்கு நான் "நீங்கள்" போடவில்லை, கவனி. பிறகு அதைக் குறைப் பட்டியலில் ஏற்றினேன். நிலை: மூடப்பட்டது. காரணம்: இனி நிகழச் செய்ய இயலாது.

ஏன் இயலாது என்றால், முப்பதாம் தேதி மதியம் அவர்கள் பட்டியலைத் திறந்தார்கள். திருத்திய நிரலில் எல்லாப் பெயர்களையும் மறுபடி ஓட்டினார்கள். அறுபத்தொன்றும் சேர்ந்தன. இன்று காலை பத்து மணிக்கு முடிவு வெளியானது. நான் அலுவலகக் கழிவறையில் உட்கார்ந்து கைபேசியில் பார்த்தேன். ஓக் மு-யோல், மூன்று எழுத்து, மாற்றம் உறுதி, சொங்னாம். பக்கத்து அறையில் இருந்த யாரோ, "உடம்பு சரியில்லையா?" என்று கதவைத் தட்டினார்கள். மூக்கைச் சிந்திவிட்டு, நன்றாக இருக்கிறேன் என்றேன்.

அறுபத்தொன்றில் எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேருக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்கு இந்த முறை உண்மையான காரணம் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. சோதனைக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டோம். இனி யாரும் இடது கையால் அடிக்கக் கூடாது என்று விதி. ஒழுங்கான பெயர் ஒன்று வேண்டும் என்றார்கள், நான் கொடுத்தேன். ஆகவே நீ இப்போது தினமும் பதினொரு கணினிகளில் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாய். நேற்று மேங் அந்தப் பக்கமிருந்து கத்துகிறான்: "அக்கா, மாமா லினக்ஸ்ல விழுந்துட்டாரு, வந்து பாருங்க." போய்த் தூக்கி விட்டேன்.

ஹே-உன்னிடம் சொன்னேன். உடனே போய்ப் படம் வரைந்தாள். கப்பல்தான். ஆனால் இந்தத் தடவை நீ அதில் இல்லை. எங்கே என்று கேட்டேன். "இறங்கிட்டாரு" என்றாள்.

யுன்-சொ


தல்மா தீவு
2018 டிசம்பர் 26

யுன்-சொ,

பியோவிடம் சொன்னேன். அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். நானும் எடுத்தேன். பிறகு, "சரி போங்க. பிப்ரவரியில வந்து பிள்ளைகளுக்குப் பரீட்சைத்தாள் திருத்திக் குடுத்துட்டுப் போங்க. ஆடு திருத்தாது" என்றார். குளிர்கால விடுமுறை முடிந்து பத்து நாள் வேலை. அதற்கு மட்டும் திரும்பி வருவேன்.

நா-ரே எட்டு மரக்கட்டைகளை ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "அங்க போய் மறுபடி கலைஞ்சா வேணும்ல" என்றாள்.

உன் படிவத்தை மதித்து, முறைப்படி:

நிகழச் செய்யும் முறை: 29ஆம் தேதி காலைக் கப்பலில் ஏறவும். மொக்போவில் இறங்கி ரயில் பிடிக்கவும். சொங்னாமில் பதினான்காவது மாடிக்குச் சென்று மணியை அழுத்தவும்.

எதிர்பார்க்கும் விளைவு: கதவு திறக்க வேண்டும். ஆளை விருந்தாளி என்று நினைக்கக் கூடாது.

கிடைத்த விளைவு: (சோதிப்பவர் நிரப்பவும்)

மு-யோல்


(அதே தாளின் அடியில், வேறு கையெழுத்தில்)

2018 டிசம்பர் 29

கிடைத்த விளைவு: கதவு திறந்தது. ஆள் முழுதாக வந்தார், இரண்டு மணி நேரத் தாமதத்துடன். தோள்பையிலிருந்து திருக்கை மீன் நாற்றம். இன்னொரு குடித்தனக்காரர் லிஃப்டிலிருந்து பாதியில் இறங்கிவிட்டதாகத் தகவல்.

தீவிரம்: குறைவு. திருத்த வேண்டாம்.

சோதித்தவர்கள்: தாக் யுன்-சொ, ஓக் ஹே-உன்